ஆலினக் குறுமரங்களும் விண்பதியன் முறையும்

ஆல், அரசு, அத்தி, இச்சி முதலிய மரங்கள் தமிழ் நாட்டுக் கிராமங்களுக்குப் புதியவையல்ல. சந்தைக்கும் சாவடிக்கும் நிழல் தருபவை அவை. குளக்கரையின் மண்ணை வேரினால் கட்டிப் பிடிப்பவை அவை. புல் காய்ந்துபோன கோடையில் ஆடுகளுக்குத் தழையாக உதவுபவையும் அவையே. இவ்வளவு நெருங்கிப் பழகிய மரங்களாயினும், அவற்றை முறையாக விருத்தி செய்யும் வழியை விவசாயிகளில் அநேகர் சிரத்தையுடன் கவனித்ததில்லை. பறவை எச்சமிட்ட இடத்தில் அவை தாமே முளைக்கின்றன. போத்து வெட்டி ஊன்றினால் மழைக்காலத்தில் தழைக்கின்றன. ஆகையால் இவற்றுக்கென்று தனியே ஒரு வித்தை வேண்டியதில்லை என்பதே பொதுவான அபிப்பிராயம்.

இந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளவேண்டிய காலம் வந்துவிட்டது. அதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, சாலைகள் அகலமாக்கப்படும் இடங்களில், பல தலைமுறைகளாக நின்ற ஆலும் அரசும் வெட்டப்படுகின்றன. வெட்டுண்ட மரத்தின் வம்சம் அந்த ஊரில் அத்துடன் முடிந்துபோகிறது. இரண்டாவது, பட்டணங்களில் தோட்டத்துக்கு இடமில்லாத குடும்பத்தினர், தட்டில் வளர்க்கும் குறுமரங்களை விரும்பி வாங்குகின்றனர். கிராமத்தில் விறகென்று கழிக்கப்படும் ஒரு வளைந்த கிளை, தக்க முறையில் வேர்விடச் செய்யப்பட்டால், பல ஆண்டு முதிர்ச்சி தோன்றும் குறுமரமாக மாறக்கூடும். இவ்விரு தேவைகளுக்கும் உதவுவது ஒரே தொழில். அதுவே விண்பதியன் என்று சொல்லப்படுவது. கிளையைத் தாய்மரத்தினின்றும் பிரிக்குமுன்னரே, அது இருக்கும் இடத்திலேயே வேர்விடச் செய்து, பின்பு வெட்டி நடுவதே இம்முறையின் சாரம்.

ஆலினத்தின் இயல்பு

தாவர நூலார் ஃபைகஸ் என்று பெயரிட்டிருக்கும் இவ்வினத்தில் ஆல், அரசு, அத்தி, இச்சி, சீமை அத்தி, வீடுகளில் ரப்பர் செடி என்று வளர்க்கப்படும் சீமை ஆல் ஆகிய யாவும் அடங்கும். இவற்றின் பூக்கள் வெளியே தோன்றுவதில்லை, காய்க்குள் மறைந்திருக்கின்றன. மிகச் சிறிய குளவிகள் உள்ளே புகுந்து மகரந்தச் சேர்க்கை செய்கின்றன. விதையோ கடுகினும் சிறியது. அவ்விதையிலிருந்து முளைக்கும் செடி தாய்மரத்தின் குணத்தை அப்படியே கொண்டிருக்கும் என்று நம்ப இடமில்லை. இலையின் அளவு, கிளை படரும் வகை, விழுது விடும் தன்மை ஆகியவற்றில் நாற்றுக்கு நாற்று வேற்றுமை காணப்படும். தாயின் குணம் மாறாமல் இருக்கவேண்டுமானால் அதன் கிளையிலிருந்தே புதுச் செடியை உண்டாக்கவேண்டும்.

இவ்வினத்துக்கு இயற்கை அளித்த ஒரு சிறப்பு, தண்டின் எப்பகுதியிலிருந்தும் வேர்விடும் ஆற்றலாகும். விழுதுகளே அதற்குச் சான்று. ஹௌரா நகரத்துத் தாவரத் தோட்டத்தில் உள்ள பெரிய ஆலமரம் 1864, 1867ஆம் ஆண்டுகளின் புயல்களில் சேதமுற்றுக் காளான் நோய்க்கு ஆளாயிற்று. அதன் நடுத்தண்டு 1925ஆம் ஆண்டில் வெட்டி அகற்றப்பட்டது. ஆயினும் மரம் மடியவில்லை. நூற்றுக்கணக்கான விழுதுகளின் பலத்தினால் இன்றும் பரந்து நிற்கிறது. சென்னை அடையாற்றுப் பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தின் நடுத்தண்டும் 1989ஆம் ஆண்டில் காற்றில் சாய்ந்தது. அதன் விழுதுகள் மரத்தைத் தாங்கி வருகின்றன. தாய்த்தண்டு போனபின்பும் கிளை வாழ முடியும் என்பதை இம்மரங்கள் கண்கூடாக மெய்ப்பிக்கின்றன. விண்பதியன் போடுகிறவன் செய்வதெல்லாம், மரம் தானே செய்யும் காரியத்தை, தான் விரும்பிய இடத்தில் விரும்பிய காலத்தில் செய்யும்படி தூண்டுவதே.

குறுமரம் என்பது யாது

குறுமரம் என்பது வேறொரு ஜாதி மரமன்று. பெரிதாக வளரக்கூடிய மரத்தையே, தட்டில் இருத்தி, வேரையும் கிளையையும் காலத்தில் கழித்து, சிறியதாக வளர்ப்பதாகும். இக்கலை சீனத்தில் தோன்றி, ஜப்பானில் போன்சாய் என்ற பெயரால் நுண்ணிய தொழிலாக வளர்ந்தது. தட்டில் நட்டது என்பதே அச்சொல்லின் பொருள். 1923ஆம் ஆண்டின் பூகம்பத்துக்குப் பின் தோக்கியோ நகரத்துக் குறுமரத் தொழிலாளர் சிலர் ஓமியா என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்து, 1925ஆம் ஆண்டு முதல் அங்கே ஒரு தனிக் கிராமமாகவே தொழில் நடத்தலாயினர். அத்தேசத்துக்கு உகந்தவை தேவதாரு இனங்கள்; வெப்ப நாடுகளுக்கு மிகவும் உகந்தவை ஆலினங்களே. இவை வெட்டைத் தாங்கும். வெட்டிய இடத்தில் மீண்டும் துளிர்க்கும். சில நாள் கவனக்குறைவையும் பொறுத்துக்கொள்ளும்.

குறுமரத்துக்கு எல்லா ஆலினமும் ஒருபடித்தானவையல்ல. சிறிய இலையையுடைய இச்சி முதல் தரமானது. அரசின் இலை பெரிதாயினும், தொடர்ந்து கிள்ளிவந்தால் சிறுத்துப்போகும். ஆலமரத்தின் இலை அவ்வளவு எளிதில் சிறுப்பதில்லை. ஆகையால் ஆலைக் குறுமரமாக்க விரும்புவோர் இரண்டு அடிக்குக் குறையாத உயரம் வைத்து வளர்ப்பது நலம்.

விண்பதியனில் நடப்பது என்ன

மரத்தின் தண்டில் இரு பாதைகள் உண்டு. வேர் உறிஞ்சும் நீரும் உப்புகளும் உள்ளேயுள்ள கட்டையின் வழியாக மேலேறுகின்றன. இலையில் உண்டான உணவு, பட்டையின் உட்பகுதி வழியாகக் கீழிறங்குகிறது. பட்டையை வளையமாக உரித்துவிட்டால் மேலேறும் நீர் தடைப்படாது, கிளை வாடாது. ஆனால் கீழிறங்கும் உணவு வளையத்தின் மேல்விளிம்பில் தேங்கிவிடும். 17ஆம் நூற்றாண்டில் இத்தாலிய வைத்தியரான மால்பீகி என்பவர் இவ்வாறு பட்டையை வளையமாக நீக்கி, அதன் மேற்பகுதி பருத்து வீங்குவதைக் கண்டறிந்தார்.

உணவுடன்கூட, துளிர்களில் உண்டாகும் வளர்ச்சிச் சத்து ஒன்றும் அவ்விடத்தில் தேங்குகிறது. வேரைத் தோற்றுவிப்பது அச்சத்தே என்பது 1930க்குப் பின்வந்த ஆண்டுகளில் நிச்சயிக்கப்பட்டது. தேங்கிய இடத்தில் ஈரமும் இருளும் காற்றும் கிடைத்தால், முதலில் தழும்பு போன்ற வளர்ச்சியும், அதன்பின் வேரும் வெளிப்படும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் காரியம் கெடும். ஈரமில்லாவிடில் தழும்பு உலரும், காற்றில்லாவிடில் அழுகும், வெளிச்சம் மிகுந்தால் வேர் தடைப்படும். செய்முறையின் ஒவ்வொரு படிக்கும் இதுவே காரணம் என்பதை மனத்தில் கொண்டால், சந்தேகம் வந்த இடத்தில் விவசாயி தாமே விடை கண்டுகொள்ளலாம்.

போத்து ஊன்றுவதைக் காட்டிலும் இதில் என்ன லாபம் என்று கேட்கலாம். ஊன்றிய போத்து வேரின்றி, தன்னிடம் உள்ள சேமிப்பைக்கொண்டே உயிர் பிழைக்கவேண்டும். மழை தவறினால் காய்ந்துபோகும். பதியனிட்ட கிளைக்கோ வேர்விடும்வரை தாய்மரம் நீர் கொடுக்கிறது. மணிக்கட்டுப் பருமனுள்ள கிளையைக்கூட இவ்விதம் நம்பிக்கையுடன் எடுக்கலாம். முதல் முயற்சி பலிக்காவிட்டாலும், கிளை பெரும்பாலும் மரத்திலேயே உயிருடன் இருக்கும்; மறுமுறை பொதி கட்டலாம்.

தக்க காலம்

மரம் சுறுசுறுப்பாகத் துளிர்விடும் காலமே பதியனுக்குரிய காலம். தென்மேற்குப் பருவமழை பெறும் பகுதிகளில் ஆனி, ஆடி மாதங்களும், வடகிழக்குப் பருவமழையை நம்பிய கீழ்க்கரை ஜில்லாக்களில் ஆவணி, புரட்டாசி மாதங்களும் ஏற்றவை. தண்ணீர் வசதியுள்ள தோட்டங்களில் மாசி, பங்குனியில் புதுத்துளிர் வரும்போதும் செய்யலாம். சித்திரை, வைகாசியின் கடும் வெயிலில் பொதி சீக்கிரம் உலர்ந்துவிடுமாதலால் அக்காலத்தைத் தவிர்ப்பது நல்லது. மார்கழி, தைக் குளிரில் வளர்ச்சி மந்தமாவதால் வேர்விடுதலும் தாமதமாகும்.

தாய்மரம் நோயில்லாததாகவும், தேர்ந்தெடுத்த கிளை நல்ல வெயில் பெறுவதாகவும், இலை நிறைந்ததாகவும் இருக்கவேண்டும். இலையே வேருக்கு உணவு கொடுப்பதாதலால், வேர்விடும்வரை அக்கிளையைக் கழிக்கலாகாது.

வேண்டிய பொருள்கள்

கூர்மையான கத்தி, வெட்டுவாள், சுத்தமான துணி, சணல் அல்லது கட்டுக்கயிறு, தெளிந்த பாலித்தீன் தாள், ஈரங்காக்கும் பொதிப்பொருள் ஆகியவையே தேவை. பாலித்தீன் தாள் வருமுன், வைக்கோலும் சாக்கும் சுற்றிய மண்ணுருண்டையின்மேல் துளையிட்ட கலயத்தைக் கட்டித் தொங்கவிட்டு, திரி வழியாகத் துளித்துளியாக நீர் கசியவிடுவது பழைய வழக்கம். வங்காளத்தில் இலீச்சி மரத்துக்குச் செய்யும் இம்முறைக்குக் குட்டி என்று பெயர். பாலித்தீன் தாள் ஈரத்தை வெளியே விடாமல் காப்பதால் கலயத்துக்கு அவசியம் இல்லாமற்போயிற்று. உள்ளே ஓடும் வேரையும் கண்ணால் காணலாம்.

பொதிப்பொருளாக மலைப்பாசியை உபயோகிப்பது நூல்களில் காணும் வழக்கம். ஆயினும் மலைக்காடுகளின் பாசியைச் சுரண்டுவது அங்குள்ள நீரூற்றுகளுக்குக் கேடாகும். தென்னை மரமுள்ள ஊர்களில் எளிதாகக் கிடைக்கும் தென்னைநார்க் கழிவு அதற்கு நல்ல மாற்று. அதை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, உப்பையும் கறையையும் போக்கியபின்பே உபயோகிக்கவேண்டும். நன்றாக மக்கிய எருவில் ஒரு பங்கை நான்கு பங்கு நார்க்கழிவுடன் கலக்கலாம். பச்சைச் சாணம் கூடாது. வேர்விடச் செய்யும் மருந்துப் பொடிகள் கடைகளில் விற்கப்படுகின்றன. ஆலினத்துக்கு அவை இன்றியமையாதவையல்ல. அவற்றுக்குப் பணம் செலவிடுமுன், கத்தியைக் கூர்மையாக்கிச் சுத்தம் செய்வதே மேல்.

செய்முறை

1. வளையமிடும் இடத்தைத் தேர்ந்தெடுக்கவேண்டும். வளையத்தின் மேல்விளிம்பு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே அமைவது நலம். கணுவருகே வேர் எளிதில் தோன்றும்.

2. மேல்விளிம்பைத் தண்டைச் சுற்றி ஒரே சீராகக் கீறவேண்டும். வேர் வெளிப்படுவது இவ்விளிம்பிலிருந்தே; பிற்காலத்தில் மரத்தின் அடியாக விளங்கப்போவதும் இதுவே. மரம் நேராக நிற்கவேண்டுமானால் கீறலைத் தண்டுக்குக் குறுக்காகவும், சாய்ந்து நிற்கவேண்டுமானால் எதிர்காலத் தரைமட்டத்துக்கு இணையாகச் சாய்வாகவும் போடவேண்டும்.

3. தண்டின் விட்டத்தைப்போல் ஒன்று முதல் ஒன்றரை மடங்கு அகலம் கீழே தள்ளி, மற்றொரு கீறல் போட்டு, இடைப்பட்ட பட்டையை உரித்து நீக்கவேண்டும். பெருவிரல் பருமனுள்ள கிளைக்கு ஓரங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் போதும்.

4. பட்டை நீங்கிய கட்டையின்மேல் வழவழப்பாக ஒரு மெல்லிய பசுந்தோல் இருக்கும். அதைக் கத்தியின் முதுகால் முழுவதும் சுரண்டிவிடவேண்டும். ஒரு நூலளவு விட்டாலும் ஆலினம் அதன் வழியே பட்டையை மீண்டும் இணைத்துக்கொள்ளும். அப்பால் வேர் வராது. விண்பதியன் பலிக்காமைக்கு முதற்காரணம் இதுவே.

5. வழியும் பாலை ஈரத்துணியால் துடைத்து, ஒழுக்கு நிற்கும்வரை பொறுத்திருக்கவேண்டும். பால் கண்ணில் படலாகாது. சிலருக்குத் தோலில் அரிப்பையும் உண்டாக்கும். வேலை முடிந்ததும் கையைச் சோப்பினால் கழுவுவது அவசியம்.

6. ஊறவைத்த நார்க்கழிவை, நீர் சொட்டுவது நிற்கும்படி கையால் இறுகப் பிழிந்து, வளையத்தையும் அதன்மேல் இரண்டங்குலத்தையும் மூடும்படி உருண்டையாகப் பொதியவேண்டும். பெருவிரல் பருமனுக்கு ஒரு தேங்காயளவு பொதி சரியாகும்.

7. பாலித்தீன் தாளால் சுற்றி, இரு முனைகளையும் கட்டவேண்டும். மேல்முனைக் கட்டு இறுக்கமாக இல்லாவிடில் மழைநீர் தண்டு வழியாக உள்ளே இறங்கிப் பொதி அழுகும். அதன்மேல் கறுப்புத் துணியையோ சாக்கையோ சுற்றினால் இருளும் குளிர்ச்சியும் கிடைக்கும்.

8. வளையமிட்ட இடம் பலவீனமானது. காற்றில் ஒடியாமல் ஒரு மூங்கில் குச்சியைப் பொதிக்கு மேலும் கீழும் சேர்த்துக் கட்டிவைக்கவேண்டும். தேதியையும் தாய்மரத்தின் அடையாளத்தையும் எழுதிய சீட்டைத் தொங்கவிடவேண்டும்.

வாரம் ஒருமுறை சாக்கை நீக்கிப் பார்த்து, பொதி உலர்ந்திருந்தால் மேல்முனையைத் தளர்த்திச் சிறிது நீர்விட்டு மீண்டும் கட்டவேண்டும். எறும்பு கூடுகட்டாதபடி கவனிப்பதும் அவசியம்.

பிரித்து நடுதல்

வெப்பமும் ஈரமும் சேர்ந்த காலத்தில் சாதாரணமாக மூன்று முதல் ஐந்து வாரத்தில் வெள்ளை வேர்கள் தாளினூடே தென்படும். அவற்றைக் கண்டவுடன் மகிழ்ந்து வெட்டிவிடுவது பெரும் பிழை. முதலில் தோன்றும் வேர் இளசானது, தொட்டாலே ஒடியும். வேர்கள் பழுப்பேறி, கிளைவேர்கள் விட்டு, பொதி முழுவதும் பரவியபின்பே பிரிக்கவேண்டும். இதற்கு இரண்டு முதல் மூன்று மாதம் செல்லும். பருத்த தண்டுக்கு இன்னும் அதிக காலம் ஆகலாம்.

பிரிப்பதற்குப் பொதியின் அடியில் வாளால் அறுக்கவேண்டும். தாளை மெதுவாக நீக்கி, பொதிப்பொருளை உதறாமல் அப்படியே நடவேண்டும். இப்போது இலையில் மூன்றில் ஒரு பாகத்தைக் குறைக்கலாம். புதுவேர் தாங்கும் அளவுக்கே இலை இருப்பது நலம். பெருமணல், செங்கல் உடைசல், மக்கிய எரு ஆகியவற்றைச் சம பங்காகக் கலந்த, நீர் தேங்காத மண்ணில் நட்டு, அசையாதபடி தொட்டியுடன் சேர்த்துக் கட்டி, மூன்று நான்கு வாரம் நிழலில் வைக்கவேண்டும். புதுத்துளிர் வரும்வரை உரமிடலாகாது. பின்பு படிப்படியாக வெயிலுக்குப் பழக்கவேண்டும்.

ஓராண்டு கழித்து, மழைக்காலத் தொடக்கத்தில் தொட்டியைக் கவிழ்த்து, பழைய பொதிப்பொருளை நீக்கி, வேருக்குக் கீழே நீண்டிருக்கும் கட்டையை வேர்வரிசை மட்டத்துக்கு அறுத்துவிட்டு, வேர்களைச் சக்கரத்தின் ஆரைகள்போல் நாற்புறமும் பரப்பித் தட்டில் நடலாம். இவ்வேர்ப் பரப்பே குறுமரத்துக்கு முதிர்ச்சியைக் கொடுப்பது.

உருக்கெட்ட மரத்தைச் சீர்திருத்துதல்

தொட்டியில் சில ஆண்டு வளர்ந்த செடிகள் பல, உருக்கெட்டுப்போவதைக் காணலாம். அவற்றை எறிந்துவிடுவதற்குமுன் விண்பதியனால் திருத்த முடியுமா என்று யோசிக்கவேண்டும். திருத்தக்கூடிய குறைகள் மூன்று வகைப்படும்.

முதலாவது, நெட்டையாக ஓடிய செடி. கீழே இரண்டு மூன்று அடி வெறுந்தண்டும், உச்சியில் மட்டும் கிளையும் உடையது. இதன் முதற்கிளைக்குச் சற்றுக் கீழே வளையமிட்டால், உச்சிப்பகுதி அகன்ற முடியுடன் ஒரு குட்டை மரமாகிவிடும். எஞ்சிய அடித்தண்டு வீணாவதில்லை. வெயிலில் வைத்து நீர்விட்டுவந்தால் அதன் பட்டையிலிருந்து புதுத்துளிர்கள் கிளம்பும். அவற்றுள் தக்கவற்றை விட்டு மற்றவற்றை நீக்கினால் இரண்டாவது மரம் கிடைக்கும்.

இரண்டாவது, வேர் ஒருபுறமே ஓடியது அல்லது தொட்டிக்குள் சுருண்டு முறுக்கிக்கொண்டது. இதற்கு மண்மட்டத்துக்கு ஓரிரு அங்குலம் மேலே வளையமிட்டு, அடியில் துளையிட்டு இரண்டாகப் பிளந்த ஒரு தொட்டியைத் தண்டைச் சுற்றிப் பொருத்தி, நார்க்கழிவால் நிரப்பவேண்டும். புதுவேர் சுற்றிலும் ஒரே மட்டத்தில் கிளம்பும். பழைய வேரை அறுத்துத் தள்ளிவிடலாம்.

மூன்றாவது, ஒட்டுக்கட்டிய இடம் விகாரமாகப் பருத்திருப்பது. கிழங்குபோன்ற அடியில் வேறொரு செடியின் கிளையை ஒட்டி விற்பதுண்டு. அவ்வொட்டின் மேலே பதியன் போட்டால் ஒட்டுக்கிளை தன் சொந்த வேரிலேயே நிற்கும். ஒட்டின் வடு மறைந்துபோகும்.

எந்தச் சீர்திருத்தமானாலும், ஒரே பருவத்தில் பதியனும் வேர்க்கழிப்பும் கிளைக்கழிப்பும் செய்யலாகாது. மரத்துக்கு ஒரு காயம் ஆறியபின்பே மற்றொரு காயம் தரவேண்டும்.

கிணற்றுச் சுவரில் முளைத்தவை

கிணற்றுச் சுவரிலும் மதகிலும் வீட்டு மதிலிலும் முளைக்கும் ஆலும் அரசும் விவசாயிக்குப் பெரும் நஷ்டம் உண்டாக்குபவை. வேர் பருக்கப் பருக்கக் கல் விலகும், கிணறு இடியும். பலர் மேற்செடியை மட்டும் வெட்டிவிடுகின்றனர். அடுத்த மழைக்கு அது முன்னிலும் தடித்துத் துளிர்க்கிறது. வேருடன் பிடுங்கவோ வழியில்லை. இத்தகைய செடியில் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டில் விண்பதியன் இட்டு, வேர்விட்டபின் அறுத்தெடுத்தால், செடி பிழைக்கும். சுவருக்குள் அகப்பட்டு நெருக்குண்டு வளர்ந்த தண்டுகள் இயல்பாகவே வளைவும் முடிச்சும் உடையவை. குறுமரத்துக்கு இவற்றைவிட உயர்ந்த உருவம் தோட்டத்தில் கிடைப்பது அரிது.

ஆனால் காரியம் அத்துடன் முடிந்துவிடாது. செடியை எடுத்த அதே வாரத்தில் கொத்தனாரைக் கொண்டு சுவரைத் திறந்து, உள்ளே உள்ள வேரை முற்றும் நீக்கிப் பூசிவிடவேண்டும். செடியைப் பெறும் ஆசையால் பல பருவங்கள் சுவரில் அதை வளரவிடுவது, குறுமரத்துக்காகக் கிணற்றை இழப்பதாக முடியும். கோயில் மதில்களிலும் கோபுரங்களிலும் முளைத்தவற்றைத் தொடுவதற்கு, அக்கோயிலை நிர்வகிக்கும் துறையின் அனுமதி முன்னதாகப் பெறவேண்டும்.

சாலையோரப் பெருமரங்கள்

கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டிய பகுதி இது. ஒரு பெருமரம் வெட்டப்படும் என்ற செய்தி, வெட்டும் நாளன்று மட்டும் ஊராருக்குத் தெரிவதால் பயனில்லை. மூன்று நான்கு மாதம் முன்னதாகத் தெரிந்தால், அம்மரத்தின் கிளைகளில் பத்துப் பதினைந்து பதியன்கள் போட்டுவிடலாம். மரம் வெட்டுண்டபின்னும் அதே மரம், குணமும் உருவமும் மாறாமல், ஊரின் வேறொரு புறம்போக்கில் நின்று நிழல் தரும். இதற்குப் பெருவிரல் பருமன் முதல் மணிக்கட்டுப் பருமன் வரையுள்ள கிளைகள் உகந்தவை. சாலையோர மரங்கள் அரசாங்கத்துக்கோ ஊராட்சிக்கோ சொந்தமானவை. ஆகையால் சம்பந்தப்பட்ட அலுவலகத்தின் எழுத்து மூலமான அனுமதியின்றி எவரும் அவற்றில் கத்தி வைக்கலாகாது. அனுமதி பெற்றுக்கொடுப்பதும், பதியன்களை நடும் இடத்தைக் குறிப்பதும், அவற்றுக்கு முதல் இரண்டு கோடையில் நீர்விட ஆள் ஏற்படுத்துவதும் கிராம அதிகாரிகளால் ஆகக்கூடியவை.

நடும் இடம் வீட்டுச் சுவருக்கும் கிணற்றுக்கும் மதகுக்கும் தொலைவாக இருக்கவேண்டும். இன்று காட்டும் இடத்தில் இம்மரம் பல தலைமுறைகள் நிற்கப்போகிறது என்பதை நினைத்தே குழி தோண்டவேண்டும்.

உருவைக் காத்தல்

தட்டில் ஏறிய மரத்தை அவ்வுருவில் நிறுத்துவது கத்தரிக்கோலின் வேலை. புதுத்தளிரை ஆறேழு இலை விடும்வரை வளரவிட்டு, இரண்டு மூன்று இலைக்கு வெட்டவேண்டும். இவ்விதம் பலமுறை செய்தால் கிளை கிளையாகப் பிரிந்து முடி அடர்த்தியாகும், இலையும் சிறுக்கும். கிளையைத் தாழ்த்தி வளைப்பதற்கு அலுமினியக் கம்பி சுற்றலாம். ஆலினம் விரைவில் பருக்குமாதலால் கம்பி சில வாரங்களிலேயே பட்டையில் பதியத் தொடங்கும். அதை அடிக்கடி பார்த்து, பதியுமுன் துண்டுதுண்டாக வெட்டி எடுத்துவிடவேண்டும். கம்பியை முறுக்கி அவிழ்ப்பது கிளையை ஒடிக்கும்.

இளந்துளிர் இலைகள் நெடுக மடிந்து சுருண்டு, உள்ளே கறுத்த சிறு பேன்கள் காணப்பட்டால் அது இலைப்பேன் நோயாகும். சுருண்ட இலைகளைக் கிள்ளி எரித்துவிடுவதே முதற்பரிகாரம். தட்டில் மண் குறைவாதலால் கோடையில் நாள் இருவேளையும் நீர் விடவேண்டியிருக்கும். மாதம் ஒருமுறை நீர்த்த புண்ணாக்குத் தண்ணீர் கொடுத்தால் போதுமானது. இரண்டாண்டுக்கு ஒருமுறை மண்மாற்றி, வேரில் மூன்றில் ஒரு பாகத்தைக் கழித்து நடவேண்டும்.

வரவும் செலவும்

இத்தொழிலை மேற்கொள்ள நினைக்கும் விவசாயிகளுக்கு ஓர் எச்சரிக்கை அவசியம். பதியனுக்குச் செலவு சொற்பம். ஆனால் காலம் அதிகம். வேர்விட்ட கிளை அன்றே குறுமரமாகிவிடாது. பிரித்து, தொட்டியில் ஓராண்டும், தட்டில் இரண்டு மூன்றாண்டும் வளர்த்தபின்பே நல்ல விலைக்கு உரியதாகும். ஆகையால் நெல்லையும் கரும்பையும் விட்டு இதை நம்புவது விவேகமன்று. தோட்டத்தின் ஒரு மூலையில், நீர் வசதியுள்ள நிழற்பந்தலின்கீழ், ஆண்டுதோறும் இருபது முப்பது பதியன்கள் போட்டுவருவதே ஏற்ற அளவு. நான்காம் ஆண்டு முதல் விற்பனைக்குரிய மரங்கள் வரிசையாக வந்துகொண்டிருக்கும்.

வேர் முற்றாத பதியனைத் தட்டில் செருகிப் பாசியால் மறைத்து விற்பவர்களும் உண்டு. வாங்கினவர் வீட்டில் அது ஒரு மாதத்தில் இலை உதிர்ந்து மடியும். அவர் மறுமுறை அந்த ஊர்ச் செடியையே வாங்கமாட்டார். ஒரு விவசாயியின் அவசரம் அவ்வூர் விவசாயிகள் அனைவருடைய சந்தையையும் கெடுத்துவிடும். வாங்குகிறவருக்குத் தட்டைச் சற்று அசைத்துக் காட்டி, மரம் வேரில் உறுதியாக நிற்பதை மெய்ப்பித்து விற்பதே நீடித்த வியாபாரத்துக்கு வழி.

கத்தியைக் கையாளும் பழக்கமுள்ள எந்தக் குடியானவருக்கும் இவ்வேலை கடினமன்று. இவ்வாண்டு மழை தொடங்கியவுடன், தம் வரப்பிலோ தோட்டத்திலோ உள்ள ஆலின மரத்தில் மூன்று கிளைகளைத் தேர்ந்து பரீக்ஷித்துப் பார்ப்பது ஒவ்வொரு மிராசுதாரருக்கும் ஆகக்கூடியது. ஒன்று தவறினாலும் இரண்டு பலிக்கும். கிராம அதிகாரிகளும் தத்தம் எல்லையில் வெட்டுக்குக் குறிக்கப்பட்டிருக்கும் பழைய மரங்களை இப்போதே கணக்கெடுத்துவைப்பது நலம்; வாள் விழுந்தபின் பதியனுக்கு வழியில்லை.